முதல் பக்கம் மட்டும்

திருநகர் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்த அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் திரையருகே குனிந்து பார்ப்பார். அதுதான் என் பொறுமையைத் தின்றது.

கண்மாய் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு கிராமத்தாருக்காக நான் எழுதிய மனு அது. அவர்களின் கையெழுத்துகள் பதினாறு பக்க பி.டி.எஃப். கோப்பாக இருந்தன. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, கோணலை நிமிர்த்தி, மனுவுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஃபைல மொத்தமா செருக முடியாதா? மனு குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள்!”

“செருகலாம்யா. மொதப் பக்கம் மட்டுந்தான் தெரியும்.”

“முப்பது வருசம் காலேஜ்ல பாடம் எடுத்தவன் நான். நகரும்மா.”

நானே செருகினேன். திரையில் முதல் பக்கம் வந்தது; மற்றவை அதன் பின்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அச்சான தாள்களைப் புரட்டிப் பார்க்காமலே தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கையெழுத்துப் போட்டது இருபது பேர்தானா?” என்று கேட்ட அதிகாரி, மாலைக்குள் சரிசெய்து வரச் சொன்னார்.

வாசலில் நின்ற ஊர்க்காரர்களிடம், “டைப் அடிச்ச பொம்பள சொதப்பிருச்சு” என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவர்கள் என்னோடு கடைக்கே வந்துவிட்டார்கள். “ஏத்தா, அம்புட்டுப் பேரு கையெழுத்தும் எங்க போச்சு?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“போட்டுத் தாரேண்ணே. கத்தாம உக்காருங்க” என்றவர், என்னிடம் குரலைத் தணித்து, “இந்தத் தடவ நானே போடட்டுமாய்யா?” என்றார்.

தலையாட்டினேன். மனு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றும் தெரியவில்லை. என் தப்பு என்று நான் அங்கே சொல்லியிருந்தால், அந்தக் கேள்வியே இருந்திருக்காது.