ஒருத்திக்கான பட்டாணி சூப்

ஹெல்லெவி கார்ப்பனெனின் கணவன் வேறொருத்தியோடு ஔலு நகரத்துக்குப் போன வருடம்தான் அவள் வலைப்பூ தொடங்கினாள். போனவனைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. தனியாக இருக்கும் ஒருத்தி தனக்காக மட்டும் சமைத்தால் என்னென்ன கூத்து நடக்கும் என்று எழுதினாள். முதல் பதிவே பட்டாணி சூப். பின்லாந்தில் எங்கள் ஊரான ஈசால்மியில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும்தான். ஆனால் ஓர் ஆளுக்கு மட்டும் அந்த சூப்பை வைக்க யாராலும் முடியாது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் நாலு பேருக்கு வந்து நிற்கும்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எழுதுவது வியாழன் மாலையில். நின்றுபோகாமலிருக்க ஒரு வழியும் வைத்திருந்தாள். புதன் இரவே பட்டாணியை ஊறப்போட்டுவிடுவாள். ஊறியதைச் சமைத்தாக வேண்டும், அது வேகிற நேரத்தில் எழுதியாக வேண்டும். காய்ச்சலில் கிடந்த வாரமும் எழுதினாள், அம்மாவை அடக்கம் செய்த வாரமும் எழுதினாள். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அதுதான் பேச்சு.

கடையில் கூட வேலை பார்த்த தோழிகள் முதல் மாதம் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வாசகர் எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தம்பரேயில் இருக்கும் அக்கா ஓர்வொக்கிக்குத் தொலைபேசியில் இதே கேலிதான்.

“அந்த ஒருத்தரும் நீயாத்தான் இருப்ப.”

“நான் தெறந்தா கணக்குல வராதுக்கா.”

“அப்ப ஏதோ மிஷினு. கலர் கலரா படம் போடு, கருத்து சொல்லுங்கன்னு கேளு. அப்பத்தான் ஆளு வரும்.”

ஹெல்லெவி ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. கருத்துக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிற ஊர் இது, அவளுக்குத் தெரியாதா?

“வர்றது ஒருத்தர்னா அந்த ஒருத்தருக்கே எழுதுறேன். சமைக்கிறதும் ஒருத்திக்குத்தான,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். அந்த ஒருவரை நம்பி ஆறு வருடம் ஓடியது.

போன பிப்ரவரியில் ஒரு வியாழன், அடுப்பில் பட்டாணி கொதிக்கும்போது கணினியைத் திறந்தாள். முந்தைய வாரப் பதிவுக்கு நேராகப் பூஜ்யம். காலி வீட்டில் இருப்பதைவிடக் காலி வீட்டைப் பார்த்துப் பேசுவது மோசம் என்று அவளுக்குத் தோன்றியதாம். அடுப்பை அணைத்தாள், கணினியை மூடினாள், துண்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஊர்ப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு நடந்தாள். வியாழன் மாலை அங்கே பெண்கள் முறை. தன் எழுத்து நேரம் என்பதால் அவள் அதுவரை வந்ததே இல்லை.

நான் மேல்பலகையில் இருந்தேன். உள்ளே ஆவியும் அரையிருட்டும். யாரோ வந்து கீழ்ப்பலகையில் உட்கார்ந்தது தெரிந்தது. வந்தவளை உற்றுப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, பேச்சு அது பாட்டுக்கு ஓடியது.

“உடுப்பு மாத்துற ரூம்ல இன்னும் பழைய தாள்தான் தொங்குது,” என்றாள் ஐலி. “வாராவாரம் பிரிண்ட் எடுத்து மாட்டுற லைப்ரரி ரைலி கணுக்காலை ஒடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கா. நெட்டத் தெறந்து பிரிண்ட் எடுக்க வேற ஒருத்திக்கும் தோணல பாரு.”

“அடுப்புல பான்கேக்க வச்சிருக்கேன், ஏதோ வாசனை வருது, பாத்துட்டு வரேன்னு முடிச்சிருந்தாளே. அது என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு மண்டை வெடிக்குது,” என்றேன் நான்.

“ஹெல்லெவிகிட்டயே கேளேன்.”

“நல்லாருக்கே. நாம படிக்கிறது தெரிஞ்சா வெக்கப்பட்டு நிறுத்திருவா.”

“தீஞ்சு போச்சு,” என்றது கீழ்ப்பலகை.

ஐலி குனிந்து ஆவியை விலக்கிப் பார்த்தாள், உட்கார்ந்திருந்தது ஹெல்லெவியேதான்.

“பான்கேக் தீஞ்சு போச்சு. பொகை மணி அடிச்சு, மாடிவீட்டு ஆளு இடுப்புத் துண்டோட ஓடி வந்தாரு.” “எத்தனை வருஷமாடி படிக்கிறீங்க?”

“மொத தாள்லேர்ந்து,” என்றாள் ஐலி.

“ஏன்டி ஒருத்தியும் சொல்லல?”

“சொல்ல என்ன இருக்கு? நல்லாருந்துச்சு, படிச்சோம்,” என்றேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. முந்தின நாள்கூட, அவள் எழுதிய பக்குவத்துக்காகவே வாங்கிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு, கடை வரிசையில் அவளிடம் சாலையில் பனி வழுக்குவதைப் பற்றி மட்டும் பேசியவள் நான்.

ஹெல்லெவி அழுதாள். நாங்கள் பார்க்காதது மாதிரி, ஆவி எழும்ப அடுப்பின் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றினோம். பிறகு அவள் எழுந்து வெளியே ஓடி, சூட்டோடு முங்கி எழுவதற்கென்று உறைந்த ஏரியில் வெட்டி வைத்திருந்த குழித் தண்ணீரில் குதித்தாள். அவள் போட்ட கூச்சல் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்குப் போன கையோடு அடுப்பைப் பற்றவைத்து அந்த வாரப் பதிவை எழுதி முடித்தாள்.

இப்போது செவ்வாய் இரவே பட்டாணி ஊறுகிறது. புதன் எழுதுகிறாள், ரைலி நொண்டிக்கொண்டே வந்து அச்செடுக்கிறாள், வியாழன் ஹெல்லெவி சூப்புப் பானையோடு சவுனாவுக்கு வருகிறாள். சென்ற வாரம் உடை மாற்றும் அறையில் பானையைத் திறக்கும்போது அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“இன்னும் அதே ஒருத்தர்தானா?” என்று அவள் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

“ஆமாக்கா, ஒருத்தர்தான்,” என்றாள் ஹெல்லெவி. அவளுக்குப் பின்னால் நாங்கள் கிண்ணமும் கையுமாகக் கதவு வரைக்கும் வரிசையில் நின்றிருந்தோம்.