மகாராணிக்குப் பிடுங்கிய ஆணி

எங்க அத்தான், அக்கா வீட்டுக்காரர், குதிரை லாயத்துல வேலை பார்க்கிறாரு. அவர் ஒரு குதிரையோட காலைத் தூக்கி மடியில வெச்சாருன்னா, லாயத்துல இருக்கிறவங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிப்பாங்க. உள்ளங்கையை வெச்சு குளம்புல சூடு இருக்கான்னு பார்ப்பாரு. மூக்கைக் கிட்ட கொண்டுபோய் மோந்து பார்ப்பாரு. "உள்ள அழுகல் ஆரம்பிச்சிடுச்சு"ன்னு அவர் சொன்னா, அப்புறம் டாக்டர் வந்து சொல்றதும் அதையேதான். அந்த மூக்கைப் பத்திதான் சொல்ல வந்தேன்.

அங்க ஒரு பெண் குதிரை. குளம்போட அடிப்பக்கம் ரொம்ப மெலிசு. சரளைக்கல்லைக் கண்டா ஒவ்வொரு அடிக்கும் யோசிச்சு யோசிச்சு நடக்கும். அதனால மகாராணின்னு பேரு. முதலாளி லாடத்தை மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்தாரு, ஒண்ணும் நடக்கல. அத்தான்தான், "இரும்பு வேணாங்க, ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க"ன்னு பொறுப்பு எடுத்தாரு.

லாடத்தைப் பிடுங்கினாரு. தானியத்தை நிறுத்தினாரு, இனிப்பு ஏறினா குளம்புல வீக்கம் வருமாம். காய்ஞ்ச புல்லைக்கூட தண்ணியில ஊறப்போட்டு, சர்க்கரை கரைஞ்ச பிறகுதான் கொடுப்பாரு. தரை ஈரமாகாம மரத்தூள் பரப்புவாரு. குளம்பு முனையை அப்பப்போ அராவி விடுவாரு. கல்லுல நடக்க ரப்பர் பூட்ஸு வேற. அதுக்குள்ள வைக்கிற மெத்தையைத் தெச்சுக் கொடுத்தது எங்க அக்கா.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு, நெருப்பை மிதிச்சாலும் தெரியாது. முட்டி மடங்காததால அவளால தன் உள்ளங்காலைப் பார்க்கவும் முடியாது. "வீட்டுல யாராவது தினமும் பாருங்க, சின்னப் புண்ணு போதும், காலையே வாங்கிடும்"னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. வீட்டுல யாராவதுன்னா யாரு? பிள்ளைங்க கிடையாது. நான் ரெண்டு பஸ் மாறி வரணும். இருக்கிறது அத்தான் ஒருத்தர்.

ஒரு சாயங்காலம் என் முன்னாலயே கேட்டா: "ஏங்க, கொஞ்சம் என் பாதத்தைப் பாருங்களேன்."

அத்தான் சட்டையைக் கழட்டிக்கிட்டே, "விடிஞ்சதுலேர்ந்து அதைத்தானே பார்த்துட்டு வரேன், வீட்டுலயுமா?"ன்னாரு.

அக்கா சிரிச்சா. அவளுக்கு எல்லாத்துக்கும் சிரிப்புதான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நானே உக்காந்து பார்த்து, வெடிப்புக்கு மருந்து தடவிட்டுக் கிளம்பினேன்.

சொன்ன மாதிரியே மகாராணி தேறிடுச்சு. சரளைக்கல்லு மேல வெறுங்குளம்போட ஓடுச்சாம். முதலாளி அத்தானைக் கட்டிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்டாரு. அத்தானுக்குக் கால் தரையில பாவல. பிடுங்கின பழைய லாட ஆணிங்களைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "இதுங்கதான் அந்த உயிரை வதைச்சது"ன்னு பார்த்தவங்களுக்கெல்லாம் காட்டினாரு. வீட்டுக்கு வந்து, பையைக் காலி பண்ணாமலே சட்டையைத் துவைக்கப் போட்டாரு.

அடுத்த தடவை நான் போனப்ப வாசல்லயே நாத்தம் அடிச்சுச்சு.

"என்னக்கா இது?"

"எலி செத்துக் கிடக்கும்னு உங்க அத்தான் சொன்னாருடி. அலமாரியை எல்லாம் நகர்த்திப் பார்த்துட்டாரு."

பாவி மனுஷன்! அலமாரியை நகர்த்தினாரே, ஒரு தடவை குனிஞ்சாரா? அவளை உக்கார வெச்சு, வீட்டுக்குள்ள போடுற செருப்பை இழுத்தேன். அவர் பையிலேர்ந்து விழுந்த லாட ஆணி ஒண்ணு செருப்பைத் துளைச்சு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. குதிகால் கறுத்து அழுகிப் போயிருந்துச்சு. ராத்திரி கழட்டிட்டு, காலையில மறுபடி அதே ஆணி மேல அதே காலை வெச்சு நடந்திருக்கா. அவருக்கு சோறு போட்டிருக்கா.

"வலிக்கவே இல்லடி"ன்னா.

முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில அத்தான் தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கு ஒரு சொட்டு இரக்கம் வரல.

இப்ப தினமும் சாயங்காலம் கீழ உக்காந்து, அக்காவோட மிச்சக் காலை மடியில தூக்கி வெச்சுக்கிறாரு. உள்ளங்கை வெச்சு சூடு பார்க்கிறாரு. விரல் இடுக்கை விரிச்சுப் பார்க்கிறாரு. மூக்கைக் கொண்டுபோய் மோந்துகூடப் பார்க்கிறாரு. நல்லாத்தான் பார்க்கிறாரு, அதைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் நான் இருக்கும்போதே அக்கா பூரிச்சுப் போய்ச் சொன்னா: "பார்த்தியாடி, மகாராணிக்குப் பார்த்த மாதிரியே பார்க்கிறாரு உங்க அத்தான்."

"பார்ப்பாருக்கா. அதுக்கு நாலு, உனக்கு ஒண்ணுதானே. அவருக்கும் வேலை மிச்சம்."

அத்தான் அடுத்த விரல் இடுக்கை விரிச்சாரு. அக்கா அதுக்கும் சிரிச்சா.