சுண்ணாம்பு வட்டம்

உங்கள் பெண் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று போன வாரத்திலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என்னைக் கொண்டு இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவேன். நான் பயந்தவள். யமுனைக் கரையில் மணலைச் சமன்படுத்த வந்த புல்டோசரின் முன்னால் கல்லூரித் தோழிகளோடு அவள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படம் போனில் வந்தபோது என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த மணலில் ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றனவாம். இப்போதும் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் "பொம்பளைப் பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்" என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்குத் தலையாட்டுவதாக இல்லை. அவள் என் அப்பா அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். அது எப்படி என்று சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். சரோஜினி நகரில் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா தோட்ட வேலைகளைக் கவனிக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எங்கள் ஊர்க் கடற்கரையில் அடம்பங்கொடியும் சவுக்கும் நட்டு, காற்றில் ஓடும் மணல் மேடுகளைப் பிடித்து நிறுத்தியவர் என்பதால், வெள்ளத்தில் கரைந்துபோன யமுனைக் கரையையும் பிடித்து நிறுத்தச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடலும் ஆறும் ஒன்றா என்று டெல்லியில் யாரும் கேட்கவில்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் மணல் இருந்தால் மதராஸி பார்த்துக்கொள்வார் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

கோடை விடுமுறை. முதல் மழைக்கு முன்னால் மரக்கன்றுகளுக்குக் குழி வெட்டி முடிக்க வேண்டும் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமையும் கரைக்குப் போனார். வீட்டில் கூலர் வேலை செய்யாததால் சோற்றைக் கட்டிக்கொண்டு அம்மாவும் நானும் கூடவே போனோம். கயிறு கட்டி வரிசை பார்த்து, குழி வரவேண்டிய இடத்திலெல்லாம் சுண்ணாம்புத் தூளால் சின்ன வட்டம் போடுவார்கள். பின்னாலேயே வெட்டுகிற ஆட்கள் வருவார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வட்டம் இருந்தால் கடப்பாறை இறங்கும்.

சாயங்காலம் அம்மா கால் நனைக்க ஆற்றுப் பக்கம் போனபோது ஓர் ஆட்காட்டிப் பறவை அவள் தலையைக் குறிவைத்துக் கத்திக்கொண்டே பாய்ந்தது. இன்னொன்று சிறகு ஒடிந்ததுபோல மணலில் இழுத்து இழுத்து நடித்தது. அம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்தாள். கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கற்களைப் போலவே, புள்ளிபோட்ட முட்டைகள். கூர்முனைகள் நான்கும் நடுவில் சேர்ந்திருந்தன. கூடு என்று சொல்ல அங்கே ஒரு துரும்புகூட இல்லை.

"இப்படியா திறந்த வெளியில போட்டு வைப்பா? எந்தத் தடியன் வேணா மிதிச்சிட்டுப் போவானே!" என்று அந்தப் பறவையை ஏதோ பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவதுபோலத் திட்டினாள். பிறகு சாக்கிலிருந்து சுண்ணாம்புத் தூளை அள்ளி வந்து, யாரும் மிதிக்காமலிருக்க முட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை. வட்டம் அளந்து போட்டதுபோல வந்தது. மற்ற வட்டங்களைவிடப் பெரியது, அழகானது. அப்பா அப்போது மறுகோடியில் தண்ணீர்ப் பம்ப் அருகே நின்றிருந்தார். திரும்பும் பஸ்ஸில், "முட்டை இருக்கிற இடத்துல பத்திரமா அடையாளம் போட்டிருக்கேங்க" என்று அம்மா சொன்னாள். கல் அடுக்கி வைத்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் நாங்கள் அப்பாவோடு போயிருந்தோம். காலையிலேயே பெரிய அதிகாரி வந்தார். சஃபாரி சூட், கையில் குடை, நல்ல சாந்தமான முகம். அதற்கடுத்த நாள் நடக்கவிருந்த மரம் நடும் விழாவில் முக்கிய விருந்தினர் எங்கே நின்று முதல் கன்றை நடுவது என்று இடம் பார்க்க வந்திருந்தார். வரிசை வரிசையாக நடந்தவர், எல்லா வட்டங்களையும் விட்டுவிட்டு அம்மா போட்ட வட்டத்தின் முன்னால் நின்றார்.

"வாஹ்! இதைப் போட்டவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். பின்னால் ஆறும் தெரிகிறது, போட்டோ நன்றாக வரும். இதையே வெட்டுங்கள்" என்று இந்தியில் சொன்னார். முட்டைகள் அவர் கண்ணில் படவில்லை. தலைக்கு மேல் கத்திய பறவைகளைக் குடையால் விரட்டினார்.

மரத்தடியில் எனக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து ஓடினாள். கடப்பாறையோடு வந்த ஆளுக்கும் வட்டத்துக்கும் நடுவில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய்க்குப் பேரம் பேசப் போதுமான இந்திதான் அவளுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்டா ஹை. நஹி உட்டேகா."

முட்டை இருக்கிறது, எழுந்திருக்க மாட்டேன். இலக்கணம் எப்படி இருந்தாலும் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது.

அதிகாரி முதலில் சிரித்தார். முட்டையை எடுத்து ஒரு கூடையில் போட்டு நகர்த்தி வைக்கலாமே என்றார். நகர்த்தினால் தாய் வந்து அடைகாக்காது என்று அப்பா பணிவாகச் சொன்னார். "ஒரு டிட்டிஹரிப் பறவைக்காக விழா இடத்தை மாற்றுவதா?" என்று அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். பிறகு, "இந்த அம்மா யார்?" என்று கேட்டார்.

"என் மனைவி, சார்."

"அச்சா. அப்படியானால் எழுந்திருக்கச் சொல்லுங்கள். ஜல்தி."

அப்பா அந்தப் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலையை இன்னும் உறுதிசெய்யவில்லை. அந்தச் சாந்த முகக்காரர் ஒரு வரி எழுதினால் வேறு ஊருக்கு மாற்றல், குவார்ட்டர்ஸ் காலி, என் பள்ளிக்கூடமும் போச்சு. இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முகம் சிவந்ததுதான். அவர் விடுவிடுவென்று அம்மாவிடம் போனார். விரலை நீட்டினார். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத குரலில், தமிழில் கத்தினார்:

"ஏய்! காது கேக்குதா? எழுந்திருக்காத! நான் என்ன கத்துனாலும் அசையாத! வெயில் ஏறுது, முந்தானையத் தலையில போட்டுக்க! இந்த ஆளால வெயில்ல நிக்க முடியாது, தானா ஓடிருவாரு! மூஞ்சிய மட்டும் பாவமா வச்சுக்க!"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். குரல் ஒன்றைச் சொன்னது, வார்த்தை வேறொன்றைச் சொன்னது. அம்மா ஒரு நொடி திகைத்தாள், அவ்வளவுதான். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள்.

"ஐயோ! இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்களே! காலையில காபிகூடக் குடிக்காம வந்துட்டீங்களே! தூக்குல மோர் இருக்கு, மறக்காமக் குடிங்க!"

"வாய மூடு! இன்னும் சத்தமா அழு!" என்று அப்பா இன்னும் பயங்கரமாக உறுமினார்.

அந்த மணலில் தமிழ் தெரிந்தவர் இன்னொருவரும் இருந்தார். கன்று சுமக்க வந்த விழுப்புரத்து அக்கா. டெல்லியின் ஏதோ ஒரு குடிசைப் பகுதியிலிருந்து தினக்கூலிக்கு வருபவர். தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. பயத்தில் அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு அவருக்கும் பொறுக்க முடியவில்லை. ஓடி வந்து அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, கொன்னுட்டீங்க! அந்த ஆளு மூஞ்சி தொங்கிப் போச்சு! இன்னும் ரெண்டு போடு போடுங்க சார், ஓடிருவாரு! யக்கோவ், நீ மூக்கச் சிந்து!"

அம்மா மூக்கைச் சிந்தினாள்.

அதிகாரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வந்து அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். "பஸ், பஸ், போதும்! ஒரு பெண்ணை இப்படியா திட்டுவது? ஆயிரம் இருந்தாலும் உங்கள் மனைவி. கன்றை அந்தப் பக்கம் நட்டுக்கொள்ளலாம், என்ன குறைந்துவிடப் போகிறது? அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு இவ்வளவு கோபம் ஆகாது."

"ஜீ, சார்" என்று அப்பா தலை குனிந்தார்.

போகிற போக்கில் அதிகாரி அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கு ஒரு சாக்லெட் கொடுத்து, என் தலையைத் தடவி, பரிதாபமாகப் பெருமூச்சு விட்டார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தை என்று நினைத்திருக்க வேண்டும்.

விழா கொஞ்சம் தள்ளி நடந்தது. கைதட்டலும் ஒலிபெருக்கியும் கேட்டபோதெல்லாம் ஆட்காட்டிகள் எழும்பிக் கத்தி, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டன. வந்தவர்கள் அதையும் வரவேற்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகொரு நாள் நாங்கள் போனபோது வட்டத்துக்குள் ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. ஆட்காட்டிக் குஞ்சு பிறந்த அன்றே நடக்கும். தாய் கூப்பிட்ட பக்கம் ஓடியிருக்கும். அலுவலகத்தில் மட்டும் அப்பாவுக்குக் கோபக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வு பெறும்வரை புதிதாக வந்தவர்கள் அவரிடம் கையெழுத்துக்குப் போகவே தயங்குவார்களாம். எறும்பை ஊதித் தள்ளிவிட்டுச் சர்க்கரை எடுக்கிற மனிதர்.

அம்மா மணலில் உட்கார்ந்த அன்றைய சாயங்காலத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஒரு நிலையில் இல்லை. கீழே விளையாடும் பிள்ளைகளிடம் உடனே சொல்லியாக வேண்டும். அப்பா மாதிரி விரலை நீட்டிக் கத்திக் காட்ட வேண்டும். செருப்பைப் போட்டவளை அம்மா பிடித்து இழுத்து, கதவைத் தாழிட்டு, முன்னால் உட்கார வைத்தாள்.

"இன்னிக்கு நடந்ததை யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. ஸ்கூல்ல கூடாது, ஊருக்குப் போனாலும் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். ஆனால் எனக்கு விளங்கவில்லை.

"ஏம்மா? அப்பாதான ஜெயிச்சாரு?"

அம்மா அந்த இரண்டு அறைகளையும், சமையற்கட்டையும், ஜன்னலில் ஓடாமல் நின்ற கூலரையும், படுத்திருந்த அப்பாவின் முதுகையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தாள். பல்லியைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் அவளோடு சேர்ந்து சுவர்களைப் பார்த்தேன்.