ஆஸ்பத்திரிக்கு ஒரு தனி லைன்

வானம் லேசாகக் கறுத்தாலே ஊரே நம் தாயாரை அன்போடு விசாரிக்கும் உத்தியோகம் நம்முடையது என்பது, கம்பம் ஏறிச் சீரழிந்த சகாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்பதுகளில் செஞ்சி கரண்ட் ஆபீஸில் நான் போர்மேன். மழைக்காலத்தில் எங்கே ஒரு கிளை ஒடிந்தாலும் மொத்த ஊரும் இருண்டுவிடும், அரசு ஆஸ்பத்திரி உட்பட. டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த கதையை அங்கிருந்த நர்ஸம்மா ஒருமுறை சொன்னார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசிக்குள் ஆஸ்பத்திரிக்குத் தனி லைன் இழுக்க உத்தரவு வந்தபோது ஆளுக்கு முன்னால் நான்தான் ஓடினேன். எதற்கு ஓடினோம் என்று சீக்கிரமே குழம்பிப் போனேன்.

பாறையும் சேறும்

கம்பத்துக்கு ஐந்தடி ஆழம் வேண்டும். நம்மூரில் முழங்கால் ஆழத்திலேயே பாறை 'டங்' என்கிறது. வேட்டு வைக்கலாம் என்றால், கோட்டை பக்கத்தில் இருக்கிறது, வெடிச் சத்தமே கேட்கக்கூடாது என்று ஒரு காவலாளி வந்து நின்றுகொண்டார். சரி, கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நடலாம் என்று ஏரிக்கரைப் பக்கம் போனோம். அங்கே கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சந்தோஷமாகக் கம்பத்தை நட்டுவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால், அது ஏரியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாறை நல்லதா, சேறு நல்லதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கூட இருந்த லைன்மேன் கோவிந்தன் தலையைச் சொறிந்தபடி சொன்னார்: "ஒண்ணு உள்ள போவ மாட்டேங்குது, இன்னொண்ணு உள்ள நிக்க மாட்டேங்குது. இன்னா சார் பண்றது?"

ஸ்டே கம்பி

கடைசியில் பாறையிலேயே கம்பத்தை நிறுத்தி, சுற்றிக் கான்கிரீட் போட்டு, காற்றுக்குச் சாயாமலிருக்க இரண்டு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினோம். கண் பட்டுவிடும் போலிருந்தது. மறுவாரம் போனால் ஒரு கம்பியில் எருமை கட்டியிருக்கிறது. அது முதுகைத் தேய்த்துத் தேய்த்து, கம்பி தொளதொளவென்று ஆடுகிறது.

எருமைக்காரம்மாவிடம் ஷாக் அடிக்கும் என்றேன், கம்பம் விழும் என்றேன், ஆஸ்பத்திரி இருண்டுபோகும் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அவ்ளோ பெரிய கம்பத்தையே புடிச்சினு இருக்கிற கம்பி, என் மாட்டைப் புடிக்காதா?"

போகாத பியூஸ்

கடைத்தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்கும் லைன் போகிறது. அடிக்கடி பியூஸ் போகும் கடைத்தெருப் பக்கம் கொஞ்ச நாளாகப் புகாரே இல்லை. நமக்கும் நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு அலுமினியக் கம்பி. மாவு மிஷின் ரஹீம் பாய் தனியார் வயர்மேனை வைத்துச் செய்த தர்மகாரியம்.

"பாய், கடைத்தெருவுல மரம் விழுந்தா அந்த பியூஸ் போயிடணும். போகலேன்னா டிரான்ஸ்பார்மரே எரிஞ்சு ஆஸ்பத்திரியும் சேர்ந்து இருட்டாயிடும்" என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கரண்ட் நிற்காமலிருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்குகிறவன், நிற்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க கரண்ட் ஆபீஸ் ஆளா, இல்ல மெழுகுவத்தி கடை ஆளா சார்?"

அந்தச் சாயங்காலம்

ஐப்பசி மழை ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாக இறங்கியது. கடைத்தெருவில் மரம் விழுந்தது. அலுமினியக் கம்பியைப் பிடுங்கிவிட்டு நான் புதிதாகப் போட்டிருந்த பியூஸ் ஒழுங்காகப் போனது. ஊர் இருண்டது. ஆஸ்பத்திரி மட்டும் ஜெகஜ்ஜோதியாக இருக்கும் என்று சைக்கிளை மிதித்துப் போனால், அங்கேயும் கும்மிருட்டு. அவலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு உள்ளே பிரசவ வலி. அலறல் வாசல் வரை கேட்டது. மழையிலேயே லைனைப் பார்த்தேன். கம்பம் நிற்கிறது, கம்பி இருக்கிறது, டெஸ்ட் லாம்ப் எரிகிறது. கரண்ட் வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே மட்டும் போகவில்லை.

மீட்டர் பலகைக்கு ஓடினேன். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது! தட்டினேன். வெளிச்சம் வந்தது. "அப்பாடா, தலை தெரியுது!" என்று நர்ஸம்மா உள்ளேயிருந்து கத்தினார். சற்று நேரத்தில் குழந்தை வீறிட்டது. இருவரும் நலம் என்றதும் நான் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன். பிறகு யார் மெயினை அணைத்தது என்று உறுமினேன். வாட்ச்மேன் துளிகூடப் பதறாமல் முன்னால் வந்தார். "நான்தான் சார். இடி இடிச்சா மெயினை அணைங்கன்னு வருசா வருசம் மைக் கட்டி சொல்றீங்க. இந்த வருசம் வேணாம்னு யார் வந்து சொன்னீங்க?"

எந்த மழைக்கும் அசையாத லைன் என்று மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. அந்த லைனை நான் யாரிடமிருந்து காப்பாற்றினேன் என்பதுதான் ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு விளங்கவில்லை.