கொள்ளைக் கப்பல் படத்தின் நடுப்பகுதி

கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படத்தை நான் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். எட்டு வயதில் பார்த்த படம். பெயர் தெரியாது, நடித்தவர்கள் யாரென்றும் தெரியாது. இடது கையில் மட்டும் சிவப்பு உறை போட்ட ஒரு கப்பல் தலைவன், கருவாட்டுப் பீப்பாய்களுக்குப் பின்னால் மறைத்து வைத்த பீரங்கி, துறைமுகச் சுவர்மேல் மஞ்சள் கவுனோடு நிற்கும் ஒரு பெண். இவ்வளவுதான் மிச்சம் இருந்தது. இவற்றைவிட அழுத்தமாக மனதில் இருந்தது, பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார் என்பது.

அப்பா மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. வாரம் முழுக்க புதுக்கோட்டை, கரூர், மணப்பாறை என்று டாக்டர்களைப் பார்க்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தென்னூர் வீட்டில் இருப்பார். அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என்னையும் ஐந்து வயதுத் தம்பியையும் மெயின்கார்டு கேட் பக்கம் இருந்த ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போவார். ஆங்கிலப் படம்தான். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. அவர் குனிந்து காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அம்மா வந்ததில்லை. ஆங்கிலப் படம் பார்த்தால் அவளுக்குத் தலை வலிக்கும் என்பது வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம். அவளை யாராவது கூப்பிட்டார்களா என்று நான் யோசித்ததே இல்லை.

அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இந்தப் படக் கதையைத்தான் சொன்னேன். அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறேன், முக்கியமாக என் கணவரிடம். அவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாள் தூங்குவார், மீதி நாள் டியூட்டிக்குப் போவார். எங்கள் இரண்டு பிள்ளைகளும் சின்னவர்களாக இருந்தபோது எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "எங்கப்பா ஊரெல்லாம் அலைஞ்சுட்டு வந்தும் எங்களைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனார். நீங்க ஒரு நாளாவது போயிருக்கீங்களா?" அவர் பதில் சொன்னதில்லை.

போன கோடையில், மறந்துபோன படங்களைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே இருக்கும் ஓர் இணையதளத்தில் எனக்கு ஞாபகமிருந்ததை எழுதிப்போட்டேன். இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு நாட்டிலிருந்து யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். கூடவே ஒரு காட்சியின் புகைப்படமும் முழுப் படத்துக்கான இணைப்பும். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று அதைத் திறந்தேன். சிவப்புக் கையுறை. அங்கேயே நின்று அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் கணவர் என் போனை டி.வி.யோடு இணைத்துக் கொடுத்தார். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். எண்பத்தொரு வயது. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு பார்வை நன்றாக இருக்கிறது, காதில் எப்போதுமே குறையில்லை. அவளுடைய நாற்காலியை டி.வி.க்கு நேராக இழுத்துப் போட்டேன்.

"அம்மா, சின்ன வயசுல அப்பா எங்களைக் கூட்டிட்டுப் போனாரே ஒரு கப்பல் படம். அது கிடைச்சிருச்சு."

"எது? மூணு வாட்டி போனீங்களே, அதுவா?"

"மூணு வாட்டியா? ஒரு தடவைதானே போனோம்."

"மூணு ஞாயித்துக்கிழமை" என்றாள். "போடு பாப்போம்."

படம் தொடங்கிய உடனே அப்பாவின் குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இவன்தான் தலைவன், கை தீயில வெந்து போச்சு, அதான் உறை போட்டிருக்கான். இந்தக் குண்டு ஆளை நம்பாதே, இவன் காட்டிக் கொடுப்பான். அவர் சொன்னதை அவர் சொன்ன விதத்திலேயே அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் அப்படியே திரையில் வந்தது. கணவர்கூடச் சிரித்தார். கருவாட்டுப் பீப்பாய்கள் வந்தன, பீரங்கி வந்தது. கால் மணி நேரம்வரை ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம் நான் பார்த்தே இராத ஒரு படம் ஓடியது. கடல் இல்லை, கப்பல் இல்லை. வெள்ளை டோப்பா வைத்த மனிதர்கள் ஒரு மாளிகைக்குள் உட்கார்ந்து பேசினார்கள், எழுந்து நின்று பேசினார்கள். என் ஞாபகத்தில் அந்த மஞ்சள் கவுன் பெண் தலைவனின் தங்கை. எதிரிகள் அவளைத் தூக்கிப் போய்விட, அவன் கருவாட்டு மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு கோட்டைக்குள் நுழைந்து அவளை மீட்பான். திரையில் இருந்தவளோ கவர்னரின் மனைவி. அவளை யாரும் தூக்கிப் போகவில்லை. தலைவனுக்குத் தங்கையே இல்லை.

வேறு படமாக இருக்குமோ என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"இது உங்கப்பா சொன்ன கதை இல்லையே. தங்கச்சியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க, இவன் கருவாட்டு மூட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுப் போவான்னாரே."

"உன்கிட்ட எப்பம்மா சொன்னார்?"

"படம் பாத்துட்டு வந்து சாப்பிடறப்போ சொல்லுவாரு. நடிச்சுக்கூடக் காட்டினாரு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கதை என்னுடையது. நான்தான் கட்டினேன். தியேட்டர் இருட்டில் தம்பி அழ ஆரம்பித்தபோது, அவனைச் சமாதானப்படுத்த, திரையில் தெரிந்த முகங்களை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் அழுதது அப்பாவைக் காணோம் என்று. எங்களுக்குப் பக்கத்து சீட்டில் அப்பாவின் கைக்குட்டை மட்டும் விரித்துப் போட்டிருந்தது. "யாராச்சும் வந்தா ஆள் இருக்குன்னு சொல்லு. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தார். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்து உட்கார்ந்தார். எரியும் கப்பலைக் காட்டி, "பாத்தியா, தப்பிச்சுட்டான்" என்று காதுக்குள் சொன்னார்.

வெளியே வந்ததும் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். "நடுவுல என்ன ஆச்சு, சொல்லு. ஒழுங்கா கவனிச்சியான்னு பாக்கறேன்." பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் என் கதையை முழுக்கச் சொன்னேன். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினார். அந்தப் பாராட்டு இவ்வளவு காலமும் என்னிடம் இருந்தது. காலி சீட்டு மட்டும் எங்கேயோ போய்விட்டிருந்தது.

டி.வி.யில் டோப்பாக்காரர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒலியைக் குறைத்தேன்.

"அம்மா, அப்பா நடுவுல எழுந்து போயிடுவாரு போலிருக்கு."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பாலக்கரையில ஒருத்தி இருந்தா. நர்ஸு. யாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. முதல் வாரம் ஒண்ணும் தோணலை. மூணாவது வாரமும் அதே படத்துக்குக் கிளம்பினப்போ தோணிடுச்சு. புரியாத படத்துக்கு எந்த மனுஷன் குழந்தைங்களை மூணு வாட்டி இழுத்துட்டுப் போவான்?"

அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. திரையைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

"அன்னிக்கு நீங்க வந்ததும் உனக்கு ஜடை பின்னிவிட்டேன். அப்பா படம் முடியறவரைக்கும் பக்கத்துலயே இருந்தாராடின்னு கேட்டேன். இருந்தாருன்னே. எந்தெந்த இடத்துல சிரிச்சாருன்னுகூடச் சொன்னே."

"எனக்கு ஞாபகமில்லையேம்மா."

"எனக்கு இருக்கு."

"எட்டு வயசும்மா எனக்கு."

"எட்டு வயசுன்னா, காலி சீட்டு காலின்னு தெரியாதா?"

அவள் மேலே சொன்னாள்.

"மணப்பாறையில என் அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு பெட்டியில துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுக் கடைசி பஸ்ஸுல போயிருப்பேன். நீ சொன்னதை நம்பினேன்னு நினைக்காதே. நம்பலை. ஆனா பிடிச்சுக்க ஒண்ணு கிடைச்சுது. பெட்டியைப் பிரிச்சு எல்லாத்தையும் திரும்ப அடுக்கிட்டேன்."

"எத்தனை வருஷம்மா நடந்துச்சு?"

"நீ எட்டாவது படிக்கறவரைக்கும். அப்புறம் அவளுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுப் போயிட்டா. இவரு ஒரு வாரம் சரியா சாப்பிடலை. நான்தான் ரசம் வச்சுக் கொடுத்தேன்."

கணவர் எழுந்து, பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போனார். அவை இன்னும் ஈரமாகத்தான் இருந்திருக்கும். அம்மா, "நிறுத்திடு, போதும்" என்றாள். நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் பேச முயன்றேன். அத்தனை வருடம் அப்பாவை உதாரணம் காட்டிக் குத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார்.

"பரவாயில்ல. ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இல்லாதப்போ எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியும்."

இருபத்தைந்து வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

தம்பி சென்னையில் இருக்கிறான். மறுநாள் நூலகத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் அது பேரிடியாக இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவைத் திட்டலாம், அல்லது சேர்ந்து அழலாம் என்று எண்ணியிருந்தேன். விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா."

"உனக்கு அஞ்சு வயசுடா."

"ஒண்ணுக்கு வருதுன்னு நீ என்னை வெளியில கூட்டிட்டுப் போனேல்ல. வாசல்ல அப்பா சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏறிப் போனாரு. ரெண்டு பேரும்தான் பாத்தோம். நான் அப்பான்னு கத்தப் போனேன். நீ என் வாயைப் பொத்தினே. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு தொடையில கிள்ளினே."

"நானா?"

"நீதான். ரத்தம் கட்டிப்போச்சு. கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். அதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான்."

அப்பா என்னை அப்படிச் செய்யச் சொன்னாரா, நானாகவே செய்தேனா என்று அவனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் அந்த வாசல், அந்த ரிக்‌ஷா, அவன் வாயின்மேல் என் கை, எதுவும் வரவில்லை. வேண்டாத துணியைக் கத்தரித்துப் போடுவதுபோல் எட்டு வயதிலேயே அதைத் தனியாக வெட்டிப் போட்டுவிட்டு, அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் இருக்கும் ஞாபகம் எனக்கு மட்டும் இல்லை. ஆதாயம் எனக்கு மட்டும் இருந்தது. கெட்டிக்காரி என்ற பெயரும், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட ஓர் அப்பாவும்.

"விடுக்கா. அவரே போயிட்டாரு" என்றான். அவனுக்கு ஏதோ மீட்டிங் இருந்தது. வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலையில் காபி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வாள். நான்தான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவ்வளவு வருடமும் இவள் என்னைப் பார்த்த ஒவ்வொரு பார்வையையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. என் கல்யாணத்தன்று, என் பிரசவத்தின்போது, அப்பா போன அன்று எல்லோருக்கும் நான் படக் கதை சொன்னபோது. அன்று அவளும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்து அப்பாவின் திதி வந்தது. தம்பி சென்னையிலிருந்து வந்து காவிரிக் கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பான். வீட்டில் அப்பாவுக்குப் பிடித்ததாக நான் சமைப்பேன். அதுதான் வழக்கம். முதல் நாள் சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த வருஷம் எனக்குச் சமைக்க மனசில்லைம்மா. ஹோட்டல்ல சொல்லிடலாமா?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல நான் தெரிஞ்சுக்கிட்டே சமைச்சுப் போட்டேன். உனக்கு ஒரு நாள் முடியலையா?"

மறுநாள் வாழைக்காய் வறுவல், சேனை மசியல், மோர்க்குழம்பு, பருப்புப் பாயசம் எல்லாம் செய்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வாழைக்காயை இன்னும் மெல்லிசாகச் சீவச் சொன்னாள், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றாள். தம்பி ஈர வேட்டியோடு வந்து காக்கைக்குச் சோறு வைத்தான். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. போட்டது போட்டபடி இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மா அதைப் பார்த்தாள். தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.