பேச்சிக்குக் கொடுத்த மூன்று புத்தகங்கள்

1. மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்துச் சின்னமனூர் திரும்பினேன்.
2. பள்ளித் தோழி பேச்சிக்கு எனக்குப் பிடித்த மூன்று புத்தகங்களைக் கொடுத்தேன்: காய்ச்சல் பற்றி ஒன்று, பிரசவம் பற்றி ஒன்று, கடைசியாக, கப்பலேறிய ஒருவனின் கதை.
3. மறுநாளே அவள் மாமியார் மூன்றையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பேச்சி அழுதபடி பின்னால் வந்தாள்.

"புஸ்தகம் தொடுற பொம்பளைக்குத் தாலி நிலைக்காதாம். என் மகன் உசுரு எனக்கு வேணும்டி!"

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டுத் திட்டுங்க அத்தை" என்றேன்.

காய்ச்சல் புத்தகத்தை வாசித்தேன், கொட்டாவி விட்டார். கதையை எடுத்தேன். கப்பல் பாறையில் மோதிய இடத்தில் நிறுத்தினேன்.

"ஏன்டி நிப்பாட்டுன? அந்தப் பய பிழைச்சானா?"

"மீதியை உங்க மருமக படிப்பா."

மாமியார் புத்தகத்தைப் பேச்சியின் கையில் திணித்தார். "சத்தமாப் படி ஆத்தா, எனக்கும் கேக்கணும்."

பயனுள்ளதுதான் முதலில் என்று புத்தகங்களை வரிசைப்படுத்துவதை அன்றோடு விட்டேன். பேச்சி இப்போது பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துப் படிக்கிறாள்.