எங்கள் லயத்துக்கு ஒரே ஓட்டு

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்தத் தேர்தலின்போது ஓட்டு இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான். மற்றவர்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. இவர் கல்யாணத்துக்கு முன்பே மனுப் போட்டவர். எப்படியோ அது பாஸாகிவிட்டது. அந்த மனுவில் நான் இல்லாததால் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு மனுஷன் பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் முகம் கழுவப் போனால்கூட வேட்பாளரைப் போலத்தான் நடந்து போவார்.

கட்சிகளை நாங்கள் சின்னத்தை வைத்துத்தான் சொல்வோம். நாற்காலிக்காரர்கள் சீனி, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் வரியைக் குறைக்கப் போவதாகச் சொன்னார்கள். விளக்குக்காரர்கள் வரி அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அந்தக் காசில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் மேல்வகுப்பு வைப்பார்களாம், டாக்டரும் ஆம்புலன்சும் தருவார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர், இரண்டு நோட்டீசையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். "ரெண்டும் கடதாசிதான். யோசிச்சுச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான், லயமே இரண்டாகிவிட்டது. ஆண்கள் நாற்காலி, பெண்கள் விளக்கு. ரொட்டி தட்டும்போதும் அதே பேச்சு, துணி துவைக்கும்போதும் அதே பேச்சு. அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்ட பெண்களெல்லாம் மேல்வகுப்பைப் பற்றி அப்படிப் பேசினார்கள். எனக்கு அந்த நாட்களில் ராத்திரி தூக்கம்கூடச் சரியாக வராது. நம்மிடம் கேட்க ஒருவரும் இல்லாத விஷயத்தில் நமக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது என்பதே அப்படியொரு குஷியாக இருந்தது.

ஆனால் எனக்கு அது குஷி மட்டுமல்ல. என் முதல் பிள்ளை, நான் பிரசவ வலியோடு கொழுந்து லொறிக்காகக் காத்திருந்து, அந்த லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் நிறைமாதம். இவரோ நாற்காலி, நாற்காலி என்று நின்றார்.

"வரி கொறைஞ்சா அடுத்த மாசமே கையில தெரியும் புள்ள. டாக்டரு எப்ப வருவாரோ, யாரு கண்டா?"

"சீனி மலிஞ்சா போன புள்ள திரும்பி வந்துருமா?" என்று கேட்டுவிட்டேன். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

கடைசியில் சங்கத்துத் தலைவர்தான் ஒரு வழி சொன்னார். ஓட்டு ஒருவர் பெயரில் இருந்தாலும் அது லயத்துக்குப் பொது, அதனால் எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம் என்றார். சாயந்தரம் மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் இரண்டு வெறுங்கூடையை வைப்பது. ஆளுக்கு ஒரு கை கொழுந்து, பிடித்த கட்சியின் கூடையில் போடுவது. எந்தக் கூடை கனமோ அந்தக் கட்சிக்கு ஓட்டு. எண்ணிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எதையுமே நிறுத்துத்தானே பழக்கம். கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே தராசை விட்டுக்கொடுத்தார்.

ஆண்கள் முதலில் போட்டார்கள். செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியும் மண் கிளறுகிற முள்ளும் பிடிக்கிற கைகள். குவியலில் விட்டு எடுத்தால் விரலிடுக்கு வழியாகப் பாதி கீழே சிந்தும். பிறகு நாங்கள் போனோம். காலையிலிருந்து மாலைவரை கொழுந்தைக் கை நிறையச் சேர்த்துத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிகிறவர்களுக்கு ஒரு கை என்றால் என்ன என்று சொல்லவா வேண்டும்? லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் குடியிருக்கிற அக்கா எடுத்த ஒரு கையைத் தலைவரே கிட்டே வந்து குனிந்து பார்த்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் நானும் என் கையைப் போட்டேன். விளக்குக் கூடையைத் தராசில் மாட்டியதும் முள் எங்கேயோ போய்விட்டது.

"இது அநியாயம். கையளவு பாக்கணும்" என்று ஆண்கள் குதித்தார்கள்.

"ஒரு கைன்னு சொன்னது நீங்கதானண்ணே. நாங்க ரெண்டு கையா போட்டோம்?" என்றாள் அக்கா.

இவர் "பேசுனது பேசுனதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வார்த்தையை நான் முழுதாக நம்பவில்லை. ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கப் போவது அவர் மட்டும்தானே.

தேர்தலன்று விடியும்போதே எனக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் என்றாள். தேர்தல் லீவு என்பதால் அன்று கொழுந்து லொறியும் இல்லை. இவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. லயத்து வாசலில் ஒரு கறுப்புக் கார், முன்னால் நாற்காலிப் படம். இவரை ஓட்டுப் போட ஏற்றிப்போக வந்திருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு ஒரு கார் வந்ததே அன்றுதான் முதல் தடவை.

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்பறந்தான் ஓட்டு" என்றார் இவர்.

காரில் வந்தவர் என்னைப் பார்த்தார். "சரி, ஏத்துங்க. ஓட்டு நமக்குத்தானே?"

"கதவத் தொறங்கண்ணே" என்றார் இவர்.

மத்தியானத்துக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை, நல்ல குரல். அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சாயந்தரம் இவர் வெள்ளைச் சட்டை கசங்க வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். எதற்குப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முதலிலிருந்தே நாற்காலிக்காரர், போதாததற்கு அவர்கள் கார்தான் எங்கள் இரண்டு உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. நாற்காலி என்று சொன்னால்கூட அன்று நான் கோபித்திருக்க மாட்டேன்.

"எதுக்குப் போட்டீங்க?"

"விளக்குக்குத்தான்."

"ஏங்க, காரு அவங்க காரில்லையா?"

பிள்ளையின் விரலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதனாலதான் புள்ள. ஓட்டு இருக்க வீட்டுக்கு, இன்னைக்கு ஒரு நாளு காரு வந்துச்சு. நாளைக்குப் பக்கத்துக் காம்பிரா அக்காவுக்கு வலி வந்தா யாரு வருவா?"